பன்னிரண்டு ஐம்பது

நாட்டின் கடிகாரத்திலிருந்து பத்து வருடங்களை விஜிதரன் வெட்டியெறிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்தரை மணிக்கு. அப்போது இடது கையில் பாதி தின்ற மாலுபணிஸ், மீன் அடைத்த பன், இருந்தது. வெட்டியது வலது கை மட்டுந்தான். ஆகவே பாதிப் பழிதான் தன்னைச் சேரும் என்று பிற்பாடு அவன் தனக்குத்தானே வாதாடிப் பார்த்ததுண்டு. வழக்கு எடுபடவில்லை.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே ராசிக் நானாவின் கொமியுனிகேஷன் கடை. கீழே போட்டோகொப்பி, கைத்தொலைபேசி ரீலோட், அடையாள அட்டைப் படம், கணினி ஜாதகம். மரப்படி ஏறி மேலே போனால், வயிறு கிழிந்த கணினிகளுக்கு நடுவில் விஜிதரன். முப்பத்து மூன்று வயது. அவற்றைத் திருத்துவது சம்பளத்துக்கு. சம்பளமில்லாமல் அவன் பார்த்தது வேறொரு வேலை. தூவானம் என்று ஒரு லினக்ஸ், கணினியையே இயக்குகிற இலவச மென்பொருள். கண்டியில் இருவர், மட்டக்களப்பில் ஒருத்தி, ஒஸ்லோவில் ஒருவர், ஹட்டனில் இவன் என்று ஐந்து பேர் கட்டிக் காத்து வந்தது. மற்றவர்கள் கைவிட்ட கணினிகளில் அது ஓடும். தோட்டப் பாடசாலைகள் பதின்மூன்று, நூல்நிலையங்கள் மூன்று, ராசிக் நானாவின் கடை, எல்லாம் அதில்தான் ஓடின. கெட்டிக்காரர்கள் நால்வரும் மென்பொருள்களைப் பொதி பொதியாகக் கட்டி அந்தக் கணினிகளுக்கு அனுப்புவார்கள். விஜிதரனுக்கு வாய்த்தவை தரவுப் பொதிகள். அதாவது தானாக ஒன்றும் செய்யாத, ஆனால் மற்ற எல்லா மென்பொருளும் அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்கிற பட்டியல்கள். பௌர்ணமிப் போயா நாட்கள், தபால் குறியீடுகள், எல்லாவற்றுக்கும் மேலாக நேரக் கோப்பு: உலகத்தில் எந்த ஊரில், எந்தக் காலத்தில், கடிகாரம் என்ன காட்டியது என்கிற கணக்கு. "எம்மவன் டவுன்ல பொதி கட்டுறான்" என்று அம்மா பேச்சியம்மா தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கேட்டவர்கள் மறுவார்த்தையாக, "எந்த ஃபெக்டரியில?" என்றார்கள். அவர்கள் மனதில் இருந்தது தேயிலைத்தூள் பக்கெட். தன் வேலையைவிட அது மரியாதையானது என்பதால் விஜிதரனும் திருத்தவில்லை.

நேரக் கோப்பு வருடத்தில் இரண்டு மூன்று தடவை மாறும். எங்கோ ஓர் அரசாங்கம் கடிகாரத்தை முன்னே தள்ளும், இன்னொன்று பின்னே இழுக்கும். அதையெல்லாம் தொகுத்து வெளியிடுகிற மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வெளியிட்டதை எடுத்து, சரிபார்த்து, தூவானத்துக்கு ஏற்றபடி கட்டி, பொதியின் எண்ணைக் கூட்டி அனுப்புவது விஜிதரன் பொறுப்பு. பரகுவேக்காரர்கள் கோடை நேரத்தையே நிரந்தரமாக வைத்துக்கொள்வதென்று முடிவெடுத்தால், அதற்காக ஹட்டனில் ஒருவனுடைய தேத்தண்ணி ஆறும். "மொரோக்கோவுல நோன்புக்குக் கடியாரத்த மாத்துனா எங்க அண்ணனுக்கு வேல வந்துரும்" என்று தங்கை நிலக்ஷி கேலி பேசுவாள். அவள் தோட்டத்து முன்பள்ளியில் ஆசிரியை. இருபத்தைந்து பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவளுக்கு, யாரும் பார்க்காத ஒரு கோப்பைக் கட்டி மேய்க்கும் அண்ணன் ஒரு வேடிக்கை.

அந்த ஜனவரிச் செவ்வாய்க்கிழமை பரகுவேயைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் விஜிதரனுக்கு அறிவு வந்தது. பாடசாலைக் கணினிகளில் இடம் போதவில்லை என்று முறைப்பாடு இருந்தது. கோப்பைத் திறந்து பார்த்தால் முக்கால்வாசி பழங்கதை. என்றைக்கோ செத்துப்போன நேரங்கள். இன்றைக்கு மணி என்ன என்று கேட்கிற பிள்ளைக்குப் பழைய வருடத்து மணி எதற்கு? 2007க்கு முந்திய மாற்றங்களையெல்லாம் வெட்டினான். மிச்சமான இடம் ஒரு கைத்தொலைபேசிப் படத்துக்குக்கூடக் காணாது. அதற்கே பெருமைப்பட்டுக்கொண்டான். மாற்றக் குறிப்பில் எழுதினான்: "பழைய நேரங்கள் நீக்கப்பட்டன. யாருக்கும் பாதிப்பில்லை." மணி பார்த்தான். கணினியும் கைத்தொலைபேசியும் ஒரே மணி காட்டின. மிச்ச மாலுபணிஸைத் தின்றான்.

ஒக்டோபரில் வந்த பாதிப்பு படியேறி வரவில்லை. கீழேயிருந்து, ராசிக் நானாவின் குரலில் கூப்பிட்டது.

"விஜி! கொஞ்சம் எறங்கி வா. வானத்துல எதயோ மாத்திட்டானுங்க போல."

கீழே நல்லதண்ணி ஊர்க்காரர் ஒருவர் நின்றார். அழகன் என்று பெயர். சிவனொளிபாத மலை யாத்திரை சீசனுக்குக் கடை போடுகிறவர். கையில் இரண்டு தாள்கள். போன வருடம் மகளுக்கு இங்கே எடுத்த ஜாதகம் ஒன்று. அது நனைந்துவிட்டதென்று அன்றைக்கு எடுத்தது மற்றது.

"போன வருசம் கும்ப லக்னம், இந்த வருசம் மீன லக்னம்" என்றார் அழகன். கோபம்கூட இல்லை, வியப்புத்தான். "புள்ள ஒரு தடவதான் பொறந்துச்சு தம்பி. நான் பக்கத்துலயே நின்னேன்."

"எனக்கு இதுல ஒன்னும் தெரியா" என்றார் ராசிக் நானா. "நான் பிரிண்ட் பட்டனத் தட்டுறவன். ஒன்ட பெட்டிக்குத்தான் பைத்தியம்."

அழகனின் மகள் பிறந்தது 2003. அந்த எண்ணைப் பார்த்ததும் விஜிதரனுக்குத் தான் வெட்டிய வரிகள் ஞாபகம் வந்தன. தொண்ணூற்றாறில் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்சாரம் போதாமல் போனபோது, அரசாங்கம் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. மே மாதம் தள்ளியதில் பாதியை ஒக்டோபரில் திருப்பிக் கொடுத்தது. மீதி அரை மணித்தியாலத்தைக் கொடுக்கப் பத்து வருடம் எடுத்தது. அந்தப் பத்து வருடத்தைத்தான் அவன் மாலுபணிஸோடு சேர்த்து விழுங்கியிருந்தான். இப்போது தூவானத்தைப் பொறுத்தவரை இலங்கையின் கடிகாரம் என்றைக்குமே அசைந்ததில்லை. ஜாதக மென்பொருள் பிறந்த நேரத்தை வாங்கி, நேரக் கோப்பை எட்டிப் பார்த்து, சூரியனோடு ஒப்பிட்டுக் கட்டம் போடும். எட்டிப் பார்த்த இடத்தில் ஒன்றுமில்லையென்றால் அது என்ன செய்யும், பாவம்.

சோதித்துப் பார்க்க அந்தக் காலத்தில் பிறந்த யாருடைய விவரமாவது வேண்டியிருந்தது. யோசிக்காமலே விரல்கள் தட்டின. எத்தனையோ விண்ணப்பப் படிவங்களில் தங்கைக்காக அவனே நிரப்பிய விவரம். 1996, ஆகஸ்ட் 14. பகல் 12.50. விருச்சிக லக்னம், எட்டில் செவ்வாய். பிறகு, புதுப்பிக்காமல் மூலையில் கிடந்த ஒரு கணினியை உயிர்ப்பித்து, அதிலும் அதையே தட்டினான். துலா லக்னம், ஒன்பதில் செவ்வாய்.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. விஜிதரன் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, வெகுநேரம் அவற்றை அல்ல, ராசிக் நானாவின் ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதே வருடம் மே மாதம் உடப்புசல்லாவையிலிருந்து பிரதாப் நிலக்ஷியைப் பெண் பார்க்க வந்திருந்தான். தேயிலை ஃபெக்டரியில் எலக்ட்ரீஷியன். பெற்றோர் இல்லை, வளர்த்த அத்தை வீரம்மாவோடு வந்தான். மற்ற மாப்பிள்ளைகள் பழமும் பிஸ்கட் பெட்டியும் கொண்டுவருவார்கள். இவன் ஈரச்சாக்கில் சுற்றி, வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் நாற்று கொண்டுவந்தான். "டீச்சர்னு சொன்னாங்க. புள்ளைங்களுக்கு நட்டுக் காட்டலாம்ல" என்றான். சொன்ன பிறகு அது எவ்வளவு மடத்தனம் என்று தோன்றியிருக்க வேண்டும், காது சிவந்துபோனது. நிலக்ஷி அந்தச் சாக்கை வாங்கிய விதத்தை விஜிதரன் கவனித்திருந்தான். தூங்குகிற பிள்ளையைக் கை மாற்றி வாங்குவதைப் போல. போகும்போது பிரதாப் விஜிதரனின் கையைப் பிடித்து, "வர்றேன் மச்சான்" என்றான். முப்பத்து மூன்று வயதில் முதல்முறையாக ஒருவன் உறவுமுறையில் மச்சான் என்று அழைத்ததில் விஜிதரன் இரண்டு நாள் கால் தரையில் படாமல் திரிந்தான்.

ஜாதகம் கேட்டார்கள். அதுவரை வீட்டில் நட்சத்திரம் மட்டுந்தான் தெரியும். பிறந்த நேரம் தோட்டத்து மருந்தறை அட்டையிலிருந்து அம்மா மனப்பாடம் செய்து வைத்திருந்தது. அட்டை எப்போதோ கூரை ஒழுக்கில் கரைந்துபோயிற்று. விஜிதரனே தட்டி, விஜிதரனே அச்செடுத்து, மூலைகளில் மஞ்சள் தடவி, பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பினான். ஒரு வாரத்தில் வீரம்மாவின் அழைப்பு வந்தது. "எட்டுல செவ்வாய் தம்பி. பொம்பளப் புள்ளைக்கு அது மாங்கல்ய எடமாம். ஒத்தப் புள்ளைய வச்சிருக்கேன். தப்பா நெனைக்காதீங்க." விஜிதரன் தப்பாக நினைக்கவில்லை. கணினி பிழை விடாது என்று அவனே அவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருந்தான். நிலக்ஷியிடம் சொன்னபோது "சரிண்ணே" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் லீக்ஸுக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். அம்மாதான் அழுதாள். "நான் பெத்த நேரம்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் பல்லில் பச்சைத்தண்ணீர் படாமல் விரதம்.

இப்போது பார்த்தால் அது அம்மா பெற்ற நேரமல்ல. மகன் வெட்டிய நேரம்.

அன்றைக்கே கோப்பைத் திருத்தினான். பழைய நேரங்கள் எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்து, எண்ணைக் கூட்டி அனுப்பினான். மாற்றக் குறிப்பில், "நீக்கியவை திரும்பச் சேர்க்கப்பட்டன. முன்னர் 'யாருக்கும் பாதிப்பில்லை' என்று எழுதியது பிழை" என்று எழுதினான். ஒஸ்லோக்காரர், "விரைவான திருத்தத்துக்கு நன்றி" என்று பதில் போட்டார். பதினேழு இடங்களிலும் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதுக் கோப்பை எடுத்துக்கொண்டன. அந்த அளவில் உலகம் சரியாகிவிட்டது. தாளில் அச்சானவைதான் தாங்களாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. ஜனவரிக்குப் பிறகு இங்கே ஜாதகம் எடுத்தவர்கள் திரும்ப வரவும் என்று கடைக் கண்ணாடியில் எழுதி ஒட்டினான். ஏழு பேர் வந்தார்கள். எத்தனை பேர் வரவில்லை என்பதை அறிய வழியில்லை. ராசிக் நானாவுக்குக் கணக்கு எழுதும் பழக்கமில்லை.

"ஏழு பேருக்குச் சொன்னியே, வீட்டுக்குச் சொன்னியா?" என்று கேட்டார் ராசிக் நானா.

"மொதல்ல உடப்புசல்லாவைக்குப் போயிட்டு வந்து சொல்றேன் நானா. சரியாச்சுன்னா சந்தோசமா சொல்லலாம்ல."

"சரியாகாட்டி?"

விஜிதரன் ஸ்டேப்ளரை எடுத்து ஊசி இருக்கிறதா என்று பார்த்தான்.

நுவரெலியாவில் பஸ் மாறி உடப்புசல்லாவை போய்ச் சேரும்வரை மழை. கண்ணாடியில் வெளியே ஒன்றும் தெரியவில்லை. அதுவும் நல்லதுதான், பேசப்போவதை ஒத்திகை பார்க்கலாம். எல்லா ஒத்திகையிலும் வீரம்மா முதலில் திகைத்து, பிறகு சிரித்து, "அடப் பாவி" என்றாள். எல்லாவற்றிலும் தேத்தண்ணியில் சீனி சரியாக இருந்தது.

நேரில் சீனி கூடுதலாக இருந்தது. வீரம்மா எதிர்க் கதிரையில் அமர்ந்து, இரண்டு தாள்களையும் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள்.

"ஒரு ஃபைல்ல கொஞ்சம் வரிங்கள நான்தான் அழிச்சிட்டேங்க அத்தை" என்றான் விஜிதரன்.

"அரசாங்க ஃபைலா?"

"இல்லீங்க. கம்ப்யூட்டர் ஃபைலு. எங்களோடது."

"நீங்க வரிய அழிச்சா செவ்வாய் எடம் மாறுமா?"

"செவ்வாய் மாறலீங்க. மணிதான் மாறிப்போச்சு." தொண்ணூற்றாறு, மின்சாரம், ஒரு மணித்தியாலம் என்று அவன் விளக்கத் தொடங்கியதும் அவள் கையமர்த்தினாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவன் நாலு வயதில் சட்டையில்லாமல் திரிந்த காலத்தில் அவள் முழுப் பேருக்கு, அதாவது முழுநாள் கூலிக்கு, கொழுந்து பறித்தவள்.

"அந்த வருசத்த எனக்குச் சொல்றீங்களா தம்பி? ரேடியோவுல ஒரு நேரம், வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுக் களத்துல ஒரு நேரம். எங்க தொரை, சூரியன் எந்த நேரமோ அதுதான் என் நேரம்னுட்டாரு. ஆறேழு மாசம் தோட்டத்துல பழைய நேரந்தான். டவுனுக்குப் போனா புது நேரம். பஸ்ஸ விட்டுட்டு நின்ன கத எவ்வளவு." தாள்களை மடியில் வைத்தாள். "சரி, ஒங்க தோட்டத்துல எப்படி? இந்தப் பன்னெண்டு அம்பது, பழைய நேரமா, புது நேரமா?"

விஜிதரனின் ஒத்திகைகளில் இந்தக் கேள்வி இல்லை. கோப்பில் இலங்கைக்கு ஒரே கடிகாரந்தான். அதில் கொழும்பு இருக்கிறது. பெரட்டுக் களம் இல்லை. தோட்டம் பழைய நேரத்திலேயே நின்றிருந்தால், அந்தப் பன்னிரண்டு ஐம்பது பழைய நேரமென்றால், வெட்டிய கோப்பு போட்ட கட்டமே சரி. தன் பிழை பிழையேயில்லை. அப்படியானால் தங்கைக்கு எட்டில் செவ்வாய்தான். இரண்டில் எதற்கு வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் சீனித் தேத்தண்ணியைக் குடித்து முடித்தான்.

"அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேங்க."

"கேட்டுச் சொல்லுங்க. பாப்போம்" என்றாள் வீரம்மா. பாப்போம் என்ற சொல் மலைநாட்டில் ஆம் என்றும் பொருள்படும், இல்லை என்றும் பொருள்படும். பெரும்பாலும் குடையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள்படும். விஜிதரன் குடையை எடுத்துக்கொண்டான்.

வாசலில் பிரதாப் எதிர்ப்பட்டான். ஃபெக்டரியிலிருந்து வருகிறான், சட்டையில் எண்ணெய்க் கறை. ஒரு கணம் அவனுக்கு வாய்வரை மச்சான் என்ற சொல் வந்தது; அதை விழுங்கியது தெரிந்தது. "வாங்க சார்" என்றான். பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தான். மழை விட்டு, தேயிலைக்கு மேலே புகை மாதிரி மூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. ஜாதகத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"லீக்ஸ் வந்துச்சுங்களா சார்?"

"வந்திருக்கு. பெருசாவே வந்திருக்கு."

"மண்ணு அணைச்சாங்களா? அணைச்சாத்தான் தண்டு வெள்ளையா வரும்."

"வாரா வாரம் அணைக்கிறா."

பிரதாப் தலையாட்டினான். வளைவில் பஸ்ஸின் விளக்குத் தெரிந்தது. விஜிதரன் துணிந்து கேட்டான்: "நீங்க என்ன நெனைக்கிறீங்க பிரதாப்?"

"அத்தை மனசு..." என்று தொடங்கிய பிரதாப் பஸ்ஸுக்குக் கைகாட்டினான். அது எப்படியும் அங்கே நிற்கத்தான் போகிறது, கைகாட்டத் தேவையிருக்கவில்லை. "ஏறுங்க சார். இத விட்டா அடுத்தது ரொம்ப லேட்."

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பிடித்தான். லய வாசலில் உட்கார்ந்து அவள் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் முதலில் தன் குற்றத்தைச் சொன்னான். கோப்பு, வெட்டு, கட்டம் எல்லாம். அம்மா அரிசியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள். பாதிக்கு மேல் புரிந்திருக்காது. ஆனால் பழி தான் பெற்ற நேரத்தின் மேல் இல்லை என்பது மட்டும் புரிந்திருக்க வேண்டும். ஒரு கல்லைத் தேவைக்கு அதிகமாகத் தூர எறிந்தாள்.

"அம்மா, பாப்பா பொறந்த அந்தப் பன்னெண்டு அம்பது பழைய நேரமா, புது நேரமா?"

"பகல் நேரம்."

"அது தெரியும்மா. அப்ப நம்ம தோட்டத்துல எந்த நேரம் ஓடுச்சு?"

"மழ இல்ல. வெயிலுன்னா வெயிலு அப்படி ஒரு வெயிலு."

"கடியாரத்தக் கேக்கிறேன்மா."

"நெறை நேரம்" என்றாள் அம்மா. "பகல் கொழுந்து நிறுக்கிற நேரம். கூடைய எறக்கக் குனிஞ்சேன், பனிக்குடம் ஒடைஞ்சிருச்சு. நெறைக் கொட்டகையிலயே சேலைய மறைச்சுப் பிடிச்சாங்க. மருந்தறைக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள அவ வந்துட்டா. அங்க இருந்த நர்சு எத்தன மணின்னு கேட்டுச்சு. நெறை நேரம்னு சொன்னேன். அதுவா அட்டையில என்னமோ எழுதுச்சு."

"நர்சம்மா கடியாரத்தப் பாத்து எழுதுனாங்களா?"

அம்மா சுளகைக் கீழே வைத்தாள். மகனை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் எரிச்சல் இருந்தது. அதற்குக் கீழே வேறொன்றும் இருந்தது. "உடப்புசல்லாவைக்காரங்களுக்கு எது நல்ல நேரம்?"

"புது நேரம்."

"அப்ப புது நேரம்னு சொல்லு. எது வேணும்னு சொல்லு தம்பி, அதையே சொல்றேன். கோயில்ல வேணுன்னாலும் வந்து சொல்றேன்."

விஜிதரன் எழுந்தான். அவன் கட்டுகிற கோப்பில் ஒவ்வொரு நேர மாற்றத்துக்கும் பக்கத்தில் யாராவது ஒருவர் சிரத்தையாக எழுதி வைத்திருப்பார்: எந்தச் செய்தித்தாள், எந்த வர்த்தமானி, யார் சொன்னது. ஆதாரமில்லாத வரி ஒன்றை அதில் நுழைக்க வந்த ஒரு ஆளோடு அவன் இரண்டு மாதம் சண்டை போட்டிருக்கிறான். தங்கையின் வரிக்கு ஆதாரம் ஒரு நிறைக் கொட்டகை. உடைந்த பனிக்குடம். இறந்துபோன ஒரு நர்சு பார்த்ததோ பாராததோ ஆன ஒரு கடிகாரம். ஆதாரம் போதாது என்று திருப்பி அனுப்ப முடியாத வரி; அது லயத்துக்குப் பின்னால் குந்தியிருந்து லீக்ஸ் பிடுங்கிக்கொண்டிருந்தது.

ஐந்து மாதத்தில் அந்தச் சின்னப் பாத்தி பச்சை வேலியாக எழும்பியிருந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் மண் உயர அணைத்து, கையால் தட்டிச் சமப்படுத்தியிருந்தாள். பிடுங்கியவை சாக்கின் மேல் வரிசையாகக் கிடந்தன. நாளைக்கு முன்பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொன்று வீட்டுக்குக் கொண்டுபோவார்களாம்.

"என்னண்ணே, மொரோக்கோவுல எல்லாரும் சௌக்கியமா?"

விஜிதரன் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து இரண்டு தாள்களையும் எடுத்தான். ஒன்று துலாம், ஒன்று விருச்சிகம். சொல்லத் தொடங்கினான். இரண்டு மூன்று இடத்தில் பகிடியாகவும் சொல்லிப் பார்த்தான், மாலுபணிஸைக்கூட விடவில்லை. அவள் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. ஒவ்வொரு லீக்ஸாக அடியில் கைவிட்டு, மண்ணைத் தளர்த்தி, இழுத்து, வேரை உதறினாள்.

"அங்க போனீங்களா?" உடப்புசல்லாவை என்ற பெயரை அவள் சொல்லவில்லை.

"போனேன். வீரம்மா அத்தை பாப்போம்னாங்க."

"ம்."

"அம்மா எது கேட்டாலும் சொல்றேங்குது. நாளைக்கு நான் போன் எடுத்துப் புது நேரம்னு சொல்லிரலாம். யாரும் வந்து பாக்கப் போறதில்ல. நீ சொல்லு. எந்தத் தாளக் குடுக்கட்டும்?"

"நீங்கதானே படிச்சவரு."

"நிலா."

"தேத்தண்ணி குடிச்சீங்களா? அடுப்புல இருக்கு."

அவனுக்குக் கோபம் வந்தது. மே மாதத்திலிருந்து அந்த வீட்டில் எல்லாரும் தேத்தண்ணி குடித்தாயா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு கோபம் தன்மேல் திரும்பியது. அது வழக்கமான இடம், வழி தெரியும். வீரம்மாவைக் கேட்டிருந்தான், பிரதாப்பை, அம்மாவை. கடிகாரத்தைப் பற்றி உலகத்தில் கேட்க வேண்டிய எல்லாரையும் கேட்டாயிற்று. தாள்களை மடித்துக் கல்லுக்குக் கீழே செருகினான்.

"தாள விடு. நேரத்தையும் விடு" என்றான். "ஒனக்கு அந்தப் பையனப் புடிச்சிருந்துச்சா?"

நிலக்ஷியின் கை மண்ணுக்குள்ளேயே நின்றது. மேல் லயத்தில் யாரோ ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டின் பாதி வந்து, சிங்களச் செய்தியின் பாதியாகி, அடங்கியது. அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. பிடித்திருந்த லீக்ஸை மெல்ல, வேர் அறாமல், கடைசிவரை இழுத்தெடுத்தாள். மண்ணுக்கு வெளியே தெரிந்ததைவிட உள்ளே இருந்தது நீளம், முழங்கைவரை வெள்ளை.

"புடிச்சிருந்துச்சுண்ணே" என்றாள். "இன்னும் புடிச்சிருக்கு."

சொல்லிவிட்டு, மண் உதறாமலே அதை அவனிடம் நீட்டினாள். விஜிதரன் இடது கையால் வாங்கிக்கொண்டான். அது அவன் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. வேரிலிருந்து ஈர மண் உருண்டை உருண்டையாக அவனுடைய சப்பாத்தின் மேல் விழுந்தது. அவன் காலை நகர்த்தவில்லை.